அந்தச் சாக்கில் இரண்டு கைகள் இருந்தன

ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளியில் நடந்த பழைய மாணவர் கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்துவிட்டது. அதை மறுபடி இங்கே போடப் போவதில்லை. பேசியவர் பெயரையும் எழுத மாட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர், என் மகள் கல்யாணத்துக்கு வந்து முன்னின்று வேலை பார்த்தவர். ஆனால் அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. "நம்ம நாடு எவன்கிட்டயும் கை ஏந்தினது கிடையாது. பக்கத்து நாட்டுக்காரன் பிச்சைப் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு அலையிறான். அவனுக்கு நாம எதுக்கு அரிசி அள்ளிக் கொடுத்தோம்?" 2022-ல் இலங்கைக்கு நாம் அனுப்பிய அரிசியைத்தான் சொன்னார்.

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நம் வகுப்புக்காரர்களே தட்டினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மேடை போட்டிருந்த இடம் எது என்று ஒருவருக்குமா ஞாபகம் வரவில்லை? வேப்பமரத்தடி. நம் பள்ளியின் சமையல் கொட்டகை இருந்த இடம். அந்தக் கொட்டகையில் நாம் என்ன சாப்பிட்டோம்?

தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1971. மதியம் மணி அடித்ததும் அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்போம். ஆயா பெரிய அண்டாவிலிருந்து கோதுமை உப்புமா அள்ளிப் போடுவார். கடுகு கிடையாது, வெங்காயம் இருந்த நாளில் உண்டு. அந்த எண்ணெயின் வாசம் நம் கடலை எண்ணெய் வாசமாகவே இருக்காது. சில நாள் மஞ்சள் மாவு கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்து நக்கினால் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கோதுமை கரிசல் காட்டில் விளைந்தது இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1960களிலிருந்து கேர் என்ற அமைப்பின் வழியாக வந்த உதவி அது. சாக்கிலும் எண்ணெய் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஐந்தாம் வகுப்பில் சார்வாள்தான் படித்துக் காட்டினார்: அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்பதற்கு அல்ல.

காலியான துணிச்சாக்கு ஒன்றை என் அம்மா ஆயாவிடம் கேட்டு வாங்கி எனக்குப் பள்ளிக்கூடப் பை தைத்தார். அந்த இரண்டு கைகள் சரியாகப் பையின் முன்பக்கம் வந்துவிட்டன. மூன்று வருடம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். மேடையில் பேசிய நண்பர் அந்த வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நிற்பார். சில நாள் இரண்டாவது தடவையும் வந்து நிற்பார். ஆயா தெரிந்தே போடுவார். அவரைத் தலைகுனிய வைக்க இதை எழுதவில்லை. நானும்தான் நின்றேன், பசித்தது, நின்றோம். அதில் என்ன வெட்கம்? வாங்கித் தின்றுவிட்டு, வாங்கவே இல்லை என்று அதே இடத்தில் நின்று சொல்கிறோமே, வெட்கம் அதில் இருக்கிறது.

நாம் வாங்கியவர்கள். இதைச் சத்தமாகச் சொல்ல ஏன் நாக்கு கூசுகிறது?

பி.எல். 480 என்று நம் அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தன்னிடம் மிஞ்சிய தானியத்தை மற்ற நாடுகளுக்குக் கொடுக்க அமெரிக்கா 1954-ல் போட்ட சட்டம். 1956-ல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். 1966-ல் மட்டும் இறக்குமதியான தானியம் ஒரு கோடி டன்னை ஒட்டி இருந்தது. கப்பல் வந்து சேர்ந்தால்தான் ரேஷன் கடையில் மூட்டை இறங்கும் என்ற நிலை. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் நம் கொங்கு நாட்டுக்காரர். இந்த நிலை இனி வேண்டாம் என்று மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வரவழைத்ததும் அந்த வருடம்தான். அந்த விதையும் வெளியிலிருந்து வந்ததுதானே?

பிலாய் இரும்பு ஆலை சோவியத் உதவியில் வந்தது. ரூர்கேலாவும், இங்கே அடையாறில் நிற்கிற ஐஐடியும் மேற்கு ஜெர்மனி உதவி. நெய்வேலியில் சோவியத் கை இருக்கிறது. சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் கடன். நண்பர் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறித்தான் தன் பெண் வீட்டுக்குப் போகிறார். இவ்வளவு பேர் கை கொடுத்து எழுந்த நாடு, "எவன்கிட்டயும்" என்று ஒரே வார்த்தையில் துடைத்துவிடலாமா?

நாம் மட்டும் இல்லை. இன்று பணக்கார நாடு என்று பெயர் வாங்கியிருக்கிற ஐரோப்பாவை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தூக்கி நிறுத்தியது அமெரிக்காவின் மார்ஷல் திட்டம். 1948-லிருந்து 1952 வரை சுமார் 1,300 கோடி டாலர். அதில் அதிகம் வாங்கிய நாடு எது தெரியுமா? நம்மை இருநூறு வருடம் ஆண்ட இங்கிலாந்து. அவர்களை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை. கொழும்பில் பெட்ரோல் வரிசையில் நின்றவரைத்தான் சொல்வோம்.

"அமெரிக்கா என்ன தர்மமா செய்தது? மிஞ்சின கோதுமையைத் தள்ளிவிட்டது, நம் கழுத்தில் கயிறு கட்டியது" என்று ஒருவர் வருவார். வரட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. மாதா மாதம் அவர் தலையாட்டினால்தான் கோதுமைக் கப்பல் கிளம்பும் என்று வைத்திருந்தார். 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாய் மதிப்பை டாலருக்கு 4.76-லிருந்து 7.50-க்கு இறக்கினோமே, அதன் பின்னால் உதவி கொடுத்தவர்களின் நெருக்குதல் இருந்தது. வங்கியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள் நான், கொடுப்பவன் கை எப்போது கழுத்துக்கு வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கயிறு நம் கழுத்தை அறுத்ததே, அந்த வலி தெரிந்த நாம் இன்னொருவன் கழுத்தில் கயிற்றைப் பார்த்தால் சிரிக்கலாமா?

அந்தக் கோதுமையின் பெரும்பகுதிக்கு நாம் ரூபாயில் விலை கொடுத்தோம் என்பதும் உண்மை. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே மலைபோல் குவிந்தது. 1974-ல் அதில் 1,664 கோடி ரூபாயை ஒரே காசோலையாக நமக்கே எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது அப்படி ஒரு காசோலையைக் கையில் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ரூபாயில் ஒரு பங்கு புத்தகம் வாங்கவும் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களில் பல அந்தக் கோதுமைக் காசில் போனவைதான். விஷயத்தை விட்டு எங்கேயோ போகிறேன். ஆனால் நினைக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

சாக்கு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1974-ல் வங்கதேசத்தில் பஞ்சம். பிறந்து மூன்று வயதுகூட ஆகாத நாடு. அந்த நேரத்தில் அமெரிக்கா உணவுக் கப்பலை நிறுத்தி வைத்தது. காரணம், வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றுவிட்டதாம். சாக்கு விற்ற பாவத்துக்குச் சோறு நின்றது. கியூபாவுக்கு ஏற்றுமதியை நிறுத்திய பிறகுதான் தானியம் வந்தது, அதற்குள் எத்தனையோ பேர் செத்துப் போயிருந்தார்கள். அதே வங்கதேசம்தான் 2021-ல் இலங்கைக்கு 20 கோடி டாலர் கைமாற்றாகக் கொடுத்தது, 2023-ல் இலங்கை அதைத் திருப்பியும் கொடுத்தது. அன்று வாங்கியவன் இன்று கொடுக்கிறான், அதை வாங்கியவன் திருப்பிக் கொடுக்கிறான். இதில் யார் பிச்சைக்காரன் என்று நண்பர் எனக்குச் சொல்லட்டும்.

இலங்கைக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் கையில் செலவழிக்கக்கூடிய டாலர் 5 கோடிகூட இல்லை என்று அவர்கள் நிதி அமைச்சரே சொன்னார். எரிபொருள் வரிசையில் நின்ற இடத்திலேயே உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த வருடம் இந்தியா செய்த உதவி சுமார் 400 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கடன், அந்நியச் செலாவணிக் கைமாற்று, தவணைத் தள்ளிவைப்பு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். கடன் வாங்குகிறவரெல்லாம் பிச்சைக்காரர் என்றால் என் கிளைக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்த அத்தனை சம்சாரிகளும் பிச்சைக்காரர்கள். வீட்டுக்கடனில் வீடு கட்டிய நண்பரும்தான்.

"அந்த நாட்டை ஆண்டவர்கள் கொள்ளையடித்தார்கள், அதற்கு நாம் ஏன் அழ வேண்டும்?" ஆண்டவர்கள் செய்ததற்குப் பால் மாவு கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"2009-ல் நம் சனத்தைக் கொன்ற நாட்டுக்கு அரிசியா?" இதற்கு மட்டும் எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அந்த மே மாதம் நானும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதவள்தான். மறக்கச் சொல்லவில்லை, மன்னிக்கச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாடு முதலில் அங்குள்ள தமிழர்களுக்கு அனுப்பத்தான் மத்திய அரசிடம் அனுமதி கேட்டது. தமிழருக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் பொதுவாகவே அனுப்புங்கள் என்று சொன்னது அங்குள்ள தமிழ்த் தலைவர்கள். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே இதைச் சொன்னார். அடிபட்டவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அடிபடாத நாம் இங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறோம். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து. முதல் கப்பல் மே 18-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு கிளம்பியது. அந்த மூட்டைகளைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு என் பைதான் ஞாபகம் வந்தது. நம் கையும் ஒரு சாக்கில் ஏறிவிட்டது என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் நண்பர் ஞாயிற்றுக்கிழமை மிதித்துவிட்டார்.

கொடுப்பது பெரிதில்லை, எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான். சுனாமிக்குப் பிறகு 2005-ல் நான் நாகப்பட்டினத்துக் கிளையில் இருந்தேன். நிவாரணப் பணம் போட மீனவப் பெண்களுக்குக் கணக்கு திறந்துகொண்டே இருப்போம். ஒரு நாள் வாசலில் ஒரு கூட்டம், பேனர் கட்டி அடுப்பும் பாத்திரமும் கொடுக்கிறார்கள். ஒரு அம்மா வாங்கிக்கொண்டு நகர்ந்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று கூப்பிட்டுத் திரும்ப நிற்க வைத்தார்கள். பாத்திரத்தைத் திரும்ப வாங்கித் திரும்பக் கொடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் ஒருவர். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். படிவத்தை நான்தான் நிரப்பினேன், எனக்குத் தெரியும். அவர் சிரித்தார். பாத்திரத்தை எங்கள் கவுண்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது.

என் வீட்டிலும் நடந்தது. கல்லூரியில் முதல் வருடம் எனக்குப் பணம் கட்டியவர் ஒரு சொந்தக்காரர். நானூறு ரூபாய். நல்ல மனசோடுதான் கட்டினார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு விசேஷம் விடாமல், பந்தியில் உட்கார்ந்து, "இவ படிப்பு என் காசு" என்று சொல்லிக் காட்டுவார். நான் வேலைக்குப் போய் மூன்றாவது மாதம் திருப்பிக் கொடுத்தேன். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. என் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். வலி முழங்காலில் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் செத்த வீட்டுக்குக்கூட அப்பா வாசலோடு திரும்பினார்.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், அவர் ஏதோ மேடையில் ஒரு பேச்சுக்குச் சொன்னார்" என்று காலையில் ஒரு தோழி போன் செய்தாள். ஒரு பேச்சுக்கா? என் அப்பா பத்து வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்ததும் இப்படி ஒரு பேச்சால்தான். பதிவைப் போட்டால் குழுவில் பிரச்சினை வரும் என்றும் சொன்னாள். வரட்டும்.

அந்தப் பை கிழிந்ததும் அம்மா அதை வெட்டி அடுப்படியில் கரித்துணியாக வைத்திருந்தார். கைகள் இரண்டும் கருகி, எது யார் கை என்று தெரியாமல் போகும்வரை இருந்தது.

வீடியோவில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று பந்தியில் பரிமாறியவர்களில் ஒருவர் அந்த ஆயாவின் மகள். இப்போது அதே பள்ளியில் சத்துணவில் சமைக்கிறார். என் இலைக்குச் சாம்பார் ஊற்றியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "எங்கம்மா கிண்டிப் போட்ட உப்புமா அந்த அண்ணனுக்கு மறந்துபோச்சாக்கா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இவ்வளவு நேரம் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலையில் பள்ளிக்கு நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.