பொச்செட்டினோ கோப்பையே வென்றதில்லையா? தவறு

'மவுரிசியோ பொச்செட்டினோ பயிற்சியாளராக ஒரு கோப்பைகூட வென்றதில்லை' என்ற பதிவு மீண்டும் சுற்றுகிறது. இது பொய்.

அர்ஜென்டினாவின் முன்னாள் கால்பந்துத் தடுப்பாட்டக்காரரான அவர் 2021 ஜனவரியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் என்ற பிரெஞ்சு அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். மூன்றாவது ஆட்டத்திலேயே மார்செய்லை 2-1 என வீழ்த்தி பிரெஞ்சு சூப்பர் கோப்பையை வென்றார். அதே ஆண்டு மே மாதம் மொனாக்கோவை 2-0 எனச் சாய்த்துப் பிரெஞ்சுக் கோப்பை. 2021-22இல் பிரெஞ்சு லீக் பட்டம். ஆக மூன்று. முதல் பருவத்தின் லீக் பட்டம் மட்டும் ஒரே புள்ளியில் லில் அணிக்குப் போனது.

அதற்கு முன் பயிற்சியளித்த இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணியில் வெறுங்கை என்பது சரிதான். 2015 லீக் கோப்பை, 2019 சாம்பியன்ஸ் லீக் என இரு இறுதியாட்டங்களிலும் 0-2 தோல்வி. அந்த ஐந்தரை ஆண்டுகளை மட்டும் வைத்து முழுப் பயணத்தையும் எடைபோடுவது நியாயமே இல்லை.