பாஸ்ஓவர் கொடுத்த பிறகும் முடியாத வேலை

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிற்றூரில், "ஆஸ்பத்திரி மிஸ்ஸிகள் எப்போதும் சிடுசிடுவென்றே இருக்கிறார்கள்" என்ற குறையைக் கோயில் திருவிழாவிலும் சந்தையிலும் கேட்கிறேன். 31 ஆண்டுகள் அரசாங்கத் தாதியாக, அதாவது அந்த மிஸ்ஸிகளில் ஒருத்தியாக, இருந்து ஓய்வுபெற்ற நான் அதை மறுக்கப் போவதில்லை. அந்தச் சிடுசிடுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காலை 7 முதல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை என்று எங்கள் பணிநேரம் தாளில் ஒழுங்காகவே இருக்கும். நான் கடைசியாகப் பணியாற்றிய வார்டில் இரவில் 28 நோயாளிகளுக்கு நாங்கள் இருவர். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் கட்டம்தான் ஆபத்தானது என்பதால் அப்போது நாடியையும் இரத்த அழுத்தத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். அப்படி மூவர் படுத்திருக்கும் இரவில், நீரிழிவுப் புண்ணால் காலை ஊன்ற முடியாத தோட்டத்துப் பெரியவர் கழிப்பறைக்குத் துணை கேட்டு, "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று அழைத்துக்கொண்டே இருப்பார். காலையில் பாஸ்ஓவர் கொடுத்து, அதாவது அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளின் பொறுப்பை ஒப்படைத்து, வீடு வந்து படுத்த பின்னும் அந்தக் குரல் காதில் கேட்கும். அவரிடம் போகாமல் இருந்தது என் கல்நெஞ்சமா, ஆள் பற்றாக்குறையா?

சம்பளம் போதாமல் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போனவர்களின் வேலை, இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. இந்த நிலையில்தான் 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறையோடு, ஷிப்டு தாதியரின் வார வேலைநேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் முடிவும் வந்து, எதிர்ப்பு எழவே ஒத்திவைக்கப்பட்டது.

மருத்துவர்களின் சுமை வேறு வகை. 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறையில் சேர்ந்தவர்கள், நிரந்தரப் பதவி கிடைக்குமா, மேற்படிப்புக்கு வழி உண்டா என்று தெரியாமலேயே இரவு பகலாக உழைத்தார்கள்; 2021 ஜூலை 26-இல் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வார்டைவிட்டு வெளியே வந்து நின்றதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இத்தனைக்கும் எங்களுக்குக் கிடைத்த மருந்து, ஆண்டுக்கொரு தன்முனைப்பு முகாம். பணியிட மன அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவதே 'பர்ன்அவுட்' எனப்படும் இந்தப் பணிச் சோர்வு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே வகைப்படுத்திவிட்டது. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் மாற்று ஆள் வரவேண்டும், பணி அட்டவணை ஒரு மாதம் முன்பே கைக்கு வரவேண்டும், இரவு வார்டுக்கு மூன்றாவதாக ஒரு தாதி வேண்டும்.