சாமத்திய வீட்டுப் படம் யாருடையது?

போன மாசம் என் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்பு நீராட்டு விழா, நடந்தது. களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. சொந்தக்காரர் எல்லாரும் வந்து, தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, சந்தோசமாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை அக்காவின் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "சின்னம்மா, இந்தப் படத்தையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

படம் எடுத்த ஸ்டூடியோ தன் பேஸ்புக் பக்கத்தில் நாற்பது படங்களைப் போட்டிருந்தது. மேலே பிள்ளையின் முழுப் பெயர், ஊர், திகதி. தண்ணீர் வார்க்கும்போது எடுத்ததையும் விடவில்லை. கீழே யாரென்றே தெரியாத ஆம்பிளைகள் எழுதியிருந்த கொமெண்டுகளை இங்கே திரும்ப எழுத எனக்குக் கை வராது. படம் எடுத்த ஸ்டூடியோத் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னதும், பாவம், பதறிப்போய் அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் வேறொரு பக்கம் நாலு படத்தை எடுத்துத் தன்னுடையது மாதிரிப் போட்டுவிட்டது. அதை நாங்கள் குடும்பமாக இருந்து ரிப்போர்ட் பண்ணினோம். இதை எழுதும் வரைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ஆற மாட்டாத விசயம் இதுதான். பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள், புரொபைலை லொக் பண்ணுங்கள், தெரியாதவர்களைச் சேர்க்காதீர்கள் என்று எத்தனையோ பேர் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன், எல்லாம் சரி, ஆனால் இந்தப் பிள்ளைக்கு பேஸ்புக் கணக்கே இல்லை. பதின்மூன்று வயதாகும் வரை கணக்குத் தொடங்க பேஸ்புக் விதியே இடம் கொடுக்காது. லொக் பண்ண அவளிடம் என்ன இருக்கிறது? கணக்கே இல்லாத பிள்ளையின் நாற்பது படங்கள் ஊருக்கு முன்னால் கிடந்தன, போட்டது முழுக்க அவள்மேல் பாசம் உள்ளவர்களும் அவர்கள் காசு கொடுத்துக் கூப்பிட்டவர்களும்.

அன்றைக்கு இரவு நான் ஒரு வேலை செய்தேன். முன்பின் தெரியாத ஒருவன் இந்தப் பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் அறியலாம் என்று, எங்கள் குடும்பத்துப் பதிவுகளை மட்டும் வைத்துத் தேடிப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாஸானபோது மாமா போட்ட வாழ்த்து போஸ்டரில் பாடசாலையின் பெயர். பிறந்தநாள் வாழ்த்துகளில் பிறந்த திகதி. புது வீடு குடிபூரல் படத்தில் வீட்டு கேட், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை வரைக்கும். "அத்தான் கட்டாரில் இருந்து லைவ்ல பார்த்தார்" என்று அக்காவே சந்தோசமாக எழுதிய ஒரு வரி, அதாவது வீட்டில் ஆம்பிளை இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை எனக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை, சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

பிள்ளைகளோடு இது நிற்பதும் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் படுத்துக் கிடந்தன. அந்த நேரம் உதவி செய்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் உலர் உணவுப் பொதியை ஒரு கிழவியின் கையில் கொடுத்து, பொதியின் மறுபக்கத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டு, "அம்மா கமராவைப் பாருங்க" என்று சொல்லி எடுத்தோமே, அந்த அம்மாவிடம் யார் கேட்டது? வேண்டாம் என்று சொன்னால் பொதி கிடைக்காதோ என்ற பயத்தில் நிற்பவரின் தலையாட்டல் சம்மதம் ஆகாது. காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் பொதிகளை எடுங்கள், பற்றுச்சீட்டை எடுங்கள், முகம் எதற்கு?

மருத்துவ உதவி கேட்டு வரும் பதிவுகளில் இன்னும் பயங்கரம். வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகம், கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டை எல்லாவற்றையும் படம் பிடித்து அப்படியே போடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று நினைக்கிறோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தவர் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே கதைதான், ஆண்டு மட்டும் நாலு இலக்கமாக வரும். ஆக, அந்த இலக்கத்தைப் போட்டால் பிறந்த திகதியையும் சேர்த்தே போட்டாயிற்று. பிறகு யாராவது வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று அழைத்து, இலக்கத்தையும் திகதியையும் சரியாகச் சொன்னால் நோயாளியின் வீட்டார் நம்பாமல் என்ன செய்வார்கள்? இலக்கத்தையும் நோயின் விவரத்தையும் மறைத்துவிட்டு, தொடர்புக்கு ஒரு நம்பகமான ஆளை வைத்தாலும் உதவி செய்கிறவர்கள் செய்வார்கள்.

போன் நம்பரையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் கணக்குகளின் விவரம் இணையத்தில் கொட்டிக் கிடந்தது, பெரும்பாலும் பெயரும் போன் நம்பரும். நம்பரை வைத்து ஆளைத் தேடும் வசதியைப் பயன்படுத்தி முன்பே சுரண்டி எடுத்தவை அவை. இன்றைக்கும் செட்டிங்ஸில் உங்கள் நம்பரை வைத்து உங்களை யார் தேடலாம் என்ற இடம் இருக்கிறது, அதில் 'எல்லாரும்' என்று இருந்தால் மாற்றுங்கள். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்குகிற வசதியும் அங்கேயே இருக்கிறது. உங்களை டெக் பண்ணுவதை நீங்கள் பார்த்த பிறகு அனுமதிக்கும்படியும் வைக்கலாம், ஆனால் அது உங்கள் பக்கத்தில் வராமல்தான் தடுக்கும், போட்டவரின் பக்கத்தில் படம் இருந்துகொண்டேதான் இருக்கும். வட்ஸ்அப்பில் உங்களை யார் குறூப்பில் சேர்க்கலாம் என்பதை மாற்றுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஆறு இலக்கக் கோட் தவறி வந்துவிட்டது, அனுப்புங்கள் என்று சொந்த மாமியே கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது பெரும்பாலும் மாமியாக இருக்காது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வது அதற்குள் வராது. சித்தப்பா போட்ட படத்துக்கு அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, சித்தப்பாவிடம்தான் போக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் அந்தரங்கப் படத்தை யாராவது பரப்பினால், அல்லது முகத்தை வெட்டி ஒட்டிக் கேவலமாக ஆக்கினால், பிள்ளையைத் திட்டாமல் உடனே 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்பாமலே, அதிலிருந்து உண்டாக்கும் கைரேகை மாதிரியான ஓர் அடையாளக் குறியை மட்டும் பேஸ்புக் மாதிரியான தளங்களுக்குக் கொடுத்து அங்கே வராமல் தடுக்க உதவும்.

அக்கா முதலில், "எல்லாரும் போடுறதுதானே, நம்மட பிள்ளைக்கு மட்டும் என்ன" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் பட்டுச் செய்த சடங்கை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைப்பது தாய்க்கு இயல்பு, கட்டாரில் இருக்கிற அத்தானுக்கும் சுவிஸில் இருக்கிற பெரியம்மாவுக்கும் வேறு எப்படிக் காட்டுவது என்றும் கேட்டாள். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் காட்டலாம், அல்பத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, "இது அனுப்பட்டா? இது?" என்று கேட்டாள். இருநூற்றுச் சொச்சம் படங்களில் பிள்ளை பதினொன்றுக்குத்தான் தலையாட்டினாள். அந்தப் பதினொன்றும் கட்டாருக்குப் போனது.

தை மாசம் எங்கள் வீட்டில் இன்னொரு கலியாணம் வருகிறது. அதே தம்பிதான் படம் எடுக்கிறார். இந்த முறை அட்வான்ஸ் கொடுத்தபோது, கேட்காமல் ஒரு படமும் பக்கத்தில் போட மாட்டேன் என்று பில்லின் பின்பக்கத்தில் தானாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.