கினு கோவாலா சந்தும் தாகூர்தான்

தாகூர் என்றால் ஆன்மிகமும் மேகமும்தான், வங்கக் கவிதைக்குள் யதார்த்தம் அவருக்குப் பின்வந்த இளைஞர்களால்தான் நுழைந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

1932இல் வந்த 'புனஸ்ச' தொகுப்பில் 'பான்ஷி' என்றொரு கவிதை. பான்ஷி என்றால் புல்லாங்குழல். ஆனால் கவிதை தொடங்குவது கினு கோவாலா சந்தில், ஈரம் ஊறிப் பூச்சு உதிர்ந்த ஓர் அறையில். கதவில் துணி பீஸிலிருந்து எடுத்து ஒட்டிய பிள்ளையார் படம். குடியிருப்பவர் ஹரிபதா, 25 ரூபாய் சம்பளத்துக் குமாஸ்தா. அதே வாடகையில் ஒரு பல்லியும் இருக்கிறது, அதற்குச் சாப்பாட்டுக் கவலை மட்டும் இல்லை. விளக்குச் செலவை மிச்சம் பிடிக்க, மாலைப்பொழுதை கல்கத்தாவின் சியால்தா ரயில் ஸ்டேஷனில் கழித்துவிட்டு வருவார். அபராதம் பிடித்த சம்பளம் மாதிரி குடையெல்லாம் ஓட்டை. நானும் பல வருடம் ஒற்றை அறையில் காலம் தள்ளியவன். அந்தக் குடை வரியைத் தாண்டவே எனக்கு நேரம் பிடித்தது.

சந்து மூலையில் மாங்கொட்டை, பலாச் சக்கை, மீன் செவுள், செத்த பூனைக்குட்டி. இவ்வளவையும் காட்டிய பிறகுதான் சந்து முனையில் குடியிருக்கும் காந்தபாபுவின் கார்னெட் என்ற ஊதுகருவி ஒலிக்கிறது, அந்த இசையில் அக்பர் பாதுஷாவுக்கும் ஹரிபதாவுக்கும் பேதம் இல்லாமல் போகிறது. இதை யதார்த்தத்திலிருந்து தப்பித்தல் என்று எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் பல வருடம் முன்பே 'துய் பிகா ஜமி' (இரண்டு பிகா நிலம்) என்ற கவிதையை எழுதியாயிற்று. பொய்க்கடன் காட்டி உபேன் என்ற ஏழையின் நிலத்தைப் பிடுங்கிய ஜமீன்தார், அவன் தன் பழைய மாமரத்தடியில் விழுந்த இரண்டு மாம்பழத்தை எடுத்ததற்குத் திருடன் என்கிறார். எழுதியவரோ ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, கிழக்கு வங்கத்து ஷிலைதாவில் குடும்ப நிலங்களை நிர்வகித்தவர்.