விறாந்தை இல்லாத வீட்டில் விளக்கை எங்கே வைப்பது?

நாலு நாளாகத் திருகோணமலை வானம் ஒரு முடிவுக்கு வரவில்லை. விடியப் பார்த்தால் மப்பு, பத்து மணிக்குச் சுட்டெரிக்கும் வெயில், பின்னேரம் மழை. தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கோணேசர் மலைக்கு அங்கால் கடல் கறுத்தால், கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓட வேண்டியதுதான். உல்லாசப் பயணிகள் செப்டெம்பரோடு போய்விட்டார்கள். இந்த வானம் எங்களுக்கு மட்டும்தான்.

கார்த்திகை விளக்கீடு வருகிறது. வாசல் படலையடியில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையில் சிட்டி என்ற சின்ன மண் விளக்கை வைத்துக் கொளுத்தினால், இந்த வாடையில் எத்தனை தரம் அணையும் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் நெருப்புப் பெட்டியோடு காவல் நிற்பது என் வேலை. அம்மம்மா மட்டும் அலட்டிக்கொள்ளமாட்டார். "அது அணைஞ்சா அணையட்டும், மாடத்து விளக்கு நிக்கும்" என்பார். நின்றது.

ஏன் நின்றது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அந்த வீட்டுக் கூரை முன்பக்கம் நன்றாகத் தாழ்ந்து இறங்கும். உயரமான ஆள் குனிந்துதான் ஏற வேண்டும். பிறகு இடுப்பளவு குட்டைச் சுவர், அதற்குள்ளே விறாந்தை, கதவின் இரு பக்கமும் சுவரைக் குடைந்த மாடங்கள். காற்று கூரையில் முட்டி, சுவரில் முட்டி, மாடத்துக்கு வரும்போது களைத்துப்போயிருக்கும். 1964 டிசம்பர்ப் புயலையும் பார்த்த வீடு அது. இன்றைக்கும் மாடத்துக்குள் விரலை விட்டால் கரி ஒட்டும். போன வருடம் பெயின்ற் அடிக்க வந்தவர் அதையும் சேர்த்து வெள்ளையாக்கப் பார்த்தார். அம்மா விடவில்லை.

இப்போது ஊருக்குள் நடந்து பாருங்கள். விறாந்தை இருந்த இடத்தில் கண்ணாடி முகப்பு, றோட்டு விளிம்பு வரை சீமெந்து. மழைக்கு ஒதுங்கவும் இடமில்லை. விளக்கை எங்கே வைப்பது, ஏசி இயந்திரத்தின் மேலா?

பழைய கட்டடம் என்றால் எங்கள் ஆட்கள் உடனே கோட்டையைக் காட்டுவார்கள். சரி, கோட்டை பெரிய விசயம்தான். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கட்டியது அது. 1803இல் ஆங்கிலேயர் வைத்த பிரட்றிக் என்ற பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. ஆனால் கோட்டையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐக் கோடாகப் போட்டிருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தம் நடந்த நாள். அதற்கு முந்திய கட்டடம் தொன்மைச் சின்னம். அம்மம்மா வீட்டு வயதுக்கு அந்தக் கோட்டுக்குள் இடமில்லை. (தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி கையைவிட்டுப் போய்விடுமோ என்று இங்கே ஆட்கள் பயந்துதான் பார்ப்பார்கள், காரணத்தோடுதான். ஆகவே அரசாங்கம் வந்து பலகை நடட்டும் என்று நான் கேட்கவில்லை.)

இடிப்பவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. ஓடு மாற்றுவது ஒரு செலவு, கறையான் பிடித்த கூரை வளையை மாற்றுவது இன்னொன்று. காணிக்கு ஐந்து பங்கு, அதில் மூன்று பேர் வெளிநாட்டில். சண்டைக் காலத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் மரமே முளைத்துவிட்டது. மேல்மாடி கட்டுங்கள், கடை போடுங்கள், மின்குமிழ் மாலையும் தொங்கவிடுங்கள், அதுவும் வடிவுதான். முன்னுக்கு ஒரு நாலடி விறாந்தையை மட்டும் விடுங்கள். வரைபடம் கீறும் பிள்ளைகளிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். எங்கள் மழையைத் தெரிந்த கொத்தன்மார் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பழசு என்பதற்காகக் கேட்கவில்லை, வேலை செய்கிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டைத் தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். ஆளில்லாத வீடு, ஆனால் முன்விறாந்தையும் இரண்டு மாடங்களும் அப்படியே இருக்கின்றன. நேற்றுத் தொலைபேசியில் அந்த வீட்டுக்கார அக்காவிடம், இந்த முறை அங்கேயும் விளக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடது பக்க மாடம் ஒழுகும் தம்பி, வலது பக்கத்தில் வை" என்றார்.

சிட்டி ஆறு கூட வாங்கியிருக்கிறேன். வானம் இன்னும் மப்பாகத்தான் இருக்கிறது.