வால்வு அம்ப்பை வெறுமனே ஓட்டாதீர்கள்

தம்பி, கிற்றாருக்கான வால்வு அம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) பற்றி, "வால்வு அம்ப்பின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி நேரே இன்டர்பேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவியில்) குத்துங்கோ, ஸ்பீக்கர் பெட்டியின் வேலையை இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் பார்க்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்பது ஒரு சின்ன வேவ் (ஒலி) கோப்பு. ஸ்பீக்கர், பெட்டி, மைக் வைத்த இடம் எல்லாம் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு. கணினிக்குள் தொனியை மாற்றும், அவ்வளவுதான். அம்ப்பின் முதுகில், ஸ்பீக்கரைப்போல அதன் சக்தியை வாங்கிக்கொள்ளும் 8 ஓம் பாரமாக அது நிற்காது. பாரமில்லாமல் வால்வு அம்ப்பை முறுக்கினால் அவுட்புட் டிரான்ஸ்போமரில் வோல்டேஜ் எகிறிச் சுருள் கருகலாம். கிளிநொச்சியில் நானே ஒன்றைக் கருக்கியிருக்கிறேன்; அந்த வார்னிஷ் மணம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது. இன்டர்பேஸும் தப்பாது: 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட். லைன் உள்ளீடு எதிர்பார்ப்பதோ ஒன்றிரண்டு வோல்ட்.

அம்ப் கட்டாயம் வேண்டுமென்றால் நடுவில் லோட் பெட்டி (ஸ்பீக்கருக்குப் பதிலாக அந்தப் பாரத்தைத் தாங்கும் கருவி) வையுங்கள், அதன் லைன் அவுட்டை இன்டர்பேஸுக்குக் கொடுங்கள். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

தகரக் கூரை வீட்டில் ராத்திரி வாசிக்க அம்ப்பே தேவையில்லை. கிற்றாரை இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் நியூரல் அம்ப் மொடலர் என்ற, கணினியில் அம்ப்பைப்போல ஒலிக்கும் மென்பொருளைத் திறந்து, அதற்குப் பின்னால் இம்பல்ஸைப் போட்டால் சரி. மொடலிலேயே பெட்டியும் சேர்ந்திருந்தால் இம்பல்ஸை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும்.