தார்ப்பாயை நேரே கார்மேல் போர்த்தாதீர்கள்

"காரை மூடத் தார்ப்பாய் போதும், கார் கவரெல்லாம் வீண் செலவு" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. மழை உள்ளே வராது, உண்மை. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரமும் வெளியே போகாது. வெயில் ஏறியதும் அடியில் வியர்க்கும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் பெயின்ட் மங்கும், கதவு ரப்பர் ஓரம் பூஞ்சை பிடிக்கும். காற்றடித்தால் இன்னும் மோசம்: அடியில் சிக்கிய தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், ஓரத்து உலோக வளையம் பானெட்டில் கோடு போடும்.

கையில் தார்ப்பாய்தான் இருக்கிறதா? நாலு கம்பு நட்டு, காரின் கூரைக்கு மேல் ஓர் அடியாவது இடைவெளி விட்டு, ஒரு பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். சரிவில்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, தொய்ந்து, காரிலேயே வந்து உட்காரும். கவர் வாங்குவதானால் காற்று புகும் துணியாகப் பாருங்கள். அதையும் கழுவிக் காய்ந்த வண்டிக்குத்தான் போட வேண்டும்.